எட்டு விரல் இறங்கிய தரை

கூக்கோ: ...மூணாவதும் குதிச்சாச்சு. விரல்ல தடவின சுண்ணம் சுவத்துல எங்க ஒட்டியிருக்கு, பாரு.

தொரிபியோ: பொறு மாப்ள. மூணுல அதிகத்தையும் தள்ளு, குறைச்சலையும் தள்ளு, நடுவுல இருக்கறதை எடு. முப்பத்தொரு வருஷமா அதான் இந்த ஜிம் கூடத்துச் சட்டம்.

கூக்கோ: சட்டம் ஓடிப் போயிடாது. விரலை வச்சு அள.

தொரிபியோ: உன் பழைய கோட்டுலேர்ந்து... ஒண்ணு, ரெண்டு... அஞ்சு... ஏழு... எட்டு. எட்டு விரல் கீழ.

கூக்கோ: போன வாரம் ஏழரை.

தொரிபியோ: போன வாரம் தரையும் ஏழரைதான் இறங்கியிருந்துச்சு. நோட்டுல எழுதறேன். "கூக்கோ. காலை ஏழு மணி. வெறும் வயிறு. அதே பழைய ஷூ. எட்டு விரல்."

கூக்கோ: இப்ப நீ குதி, மச்சான்.

தொரிபியோ: நான் எதுக்கு? தரை உனக்கு இறங்கினா எனக்கு மட்டும் என்ன, மேலயா வரும்?

கூக்கோ: அதைப் பாக்கத்தான் குதிக்கச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே அளவு கீழ வந்தா அது தரை. நான் மட்டும் வந்தா...

தொரிபியோ: நீ மட்டும் வந்தா நீ கிழவன். தள்ளு... ஹூம்... ம்ம்... மூணு. போதுமா? நீயே விரலை வச்சுக்கோ.

கூக்கோ: விரல் நிக்க மாட்டேங்குது. நீயே வை.

தொரிபியோ: ...ஆறு, ஏழு, எட்டு. என் கோட்டுலேர்ந்தும் எட்டு. பாத்தியா? உன் தொடையும் என் தொடையும் ராத்திரி கூடிப் பேசி வச்சுக்கிட்டா இறங்குது? தரைதான்.

கூக்கோ: ம்.

தொரிபியோ: என்ன 'ம்'? ஏரியை மூடி அது மேல ஊரைக் கட்டினா ஊரு என்ன செய்யும்? மூலைல இருக்கற மாதா கோயிலை எடுத்துக்க. எங்கப்பன் கல்யாணத்துக்கு நாலு படி ஏறிப் போனான். என் கல்யாணத்தப்ப சமதரை. என் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு படி இறங்கிப் போனோம். பேத்தி கல்யாணத்துக்குப் பாதிரியார் எங்களை வாளியில உக்கார வச்சு இறக்கணும்.

கூக்கோ: கோயில் மொத்தமா இறங்குது, மச்சான். இங்க சுவரு அப்படியே நிக்குது, தரை மட்டும் இறங்குதுன்னு சொல்ற.

தொரிபியோ: சுவரு தூண் மேல நிக்குது. தூண் கெட்டி மண்ணு வரைக்கும் போகுது. தரை வெறும் சேத்து மேல மிதக்குது. பானைல பால் வத்தற மாதிரி. பானை அங்கயே இருக்கும், ஏடு கீழ போகும். இதை எத்தனை தடவை உனக்குச் சொல்றது?

கூக்கோ: பதினோரு மாசமா தினம் சொல்ற. அதான் இன்னிக்கு ஒருத்தங்களை வரச் சொல்லியிருக்கேன்.

தொரிபியோ: யாரை?

கூக்கோ: வட்டார ஆபீஸ்ல தரை பாக்கற இன்ஜினியர். ஏழரைக்கு வர்றேன்னாங்க.

தொரிபியோ: ...உனக்கு மூளை இருக்கா? அவங்க வந்து 'இறங்கியிருக்கு'ன்னு எழுதினா அடுத்த வாரமே கதவுல சீல் வச்சிடுவாங்க. இந்தக் கூடம் போயிடும்டா.

கூக்கோ: 'இறங்கலை'ன்னு எழுதினா? அதான் கேக்கறேன். ஒண்ணு தரைக்கு வியாதி, இல்லைன்னா எனக்கு. சட்டைப் பொத்தானை மே மாசத்துலேர்ந்து உன் தங்கச்சிதான் போட்டு விடறா. தோள்ல சதை தானா துடிக்குது, உள்ள யாரோ கதவைத் தட்டற மாதிரி. நீ அதுக்கும் தரைதான் காரணம்னு சொல்ற.

தொரிபியோ: தரை ஆடினா எல்லாந்தான் துடிக்கும்.

கூக்கோ: ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சு போகட்டும், மச்சான். என்னால காத்திருக்க முடியலை.

நயேலி: காலை வணக்கம். கதவு திறந்திருந்தது... நயேலி கார்பஹால். வட்டார ஆபீஸ். கூக்கோ ஐயா யாரு?

கூக்கோ: நான்தாம்மா. இது தொரிபியோ, என் சம்சாரத்தோட அண்ணன். ரெண்டு பேருந்தான் இந்த ஜிம்மை நடத்தறோம். நடத்தறோம்னா... திறந்து வச்சிருக்கோம்.

நயேலி: அந்தச் சுவத்துல என்ன ஐயா, இவ்வளவு வெள்ளைக் கோடு? யாரோ நாளை எண்ணிக்கிட்டிருந்த ஜெயில் மாதிரி இருக்கு.

தொரிபியோ: அதுதாம்மா எங்க டாக்டரு. விரல்ல சுண்ணப்பொடி தடவிக்கிட்டு, சுவத்தோரமா நின்னு குதிச்சு, எட்டற இடத்தைத் தொடணும். காலைல எழுந்ததும், காப்பிக்கு முன்னாடி, அதே நேரம், அதே ஷூ. உன் நல்ல நாள் கோட்டுலேர்ந்து ரெண்டு விரல் கீழ வந்தா, அன்னிக்குப் பளுவைத் தொடக் கூடாது. நீ என்னதான் 'நான் நல்லா இருக்கேன், தெம்பா இருக்கேன்'னு மார்ல அடிச்சாலும் நம்ப மாட்டோம். வாய் பொய் சொல்லும். தொடை சொல்லாது.

நயேலி: நல்லா இருக்கே. அப்புறம்?

தொரிபியோ: அப்புறம் ரெண்டு நாள் தூங்கணும். மூணாம் நாள் குதிச்சா கோடு பழைய இடத்துக்குத் திரும்பி வந்துடும். வந்தா அது வெறும் சோர்வு.

நயேலி: வரலைன்னா?

கூக்கோ: காப்பி குடிக்கறீங்களாம்மா?

நயேலி: வேண்டாங்கையா, முதல்ல வேலையை... சரி, குடிக்கறேன்.

கூக்கோ: பின்கட்டுலதான் வீடு. என் சம்சாரம் ஒர்தென்சியா பட்டை போட்டுக் கொதிக்க விட்டிருக்கா. நான் போய் எடுத்துட்டு வரேன். ஒவ்வொரு கப்பாத்தான் கொண்டு வருவேன். தட்டு இப்பல்லாம் கைல நிக்கறதில்ல.

தொரிபியோ: நான் போறேன், நீ உக்காரு.

கூக்கோ: நீ அவங்களுக்கு நாபோர் கதையைச் சொல்லு. சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது.

நயேலி: நாபோர் யாருங்கையா?

தொரிபியோ: இந்தக் கூடத்துலயே அதிக உயரம் குதிச்சவன். மேல பாருங்க... கூரைக்குக் கொஞ்சம் கீழ ஒரு கோடு தெரியுதா? அது அவன்தான். ஆளு என் இடுப்பு உயரந்தான். சாதாரணமா குதிச்சா இந்த ஜன்னல் வரைக்கும் வருவான். ஒரு நாள் காலைல குதிச்சான் பாருங்க, சரியா அந்த நிமிஷத்துல நிலநடுக்கம். அவன் மேல போயிட்டிருக்கான், ஊரு கீழ போயிட்டிருக்கு. கூரைக்குப் பக்கத்துல சுண்ணம் ஒட்டிருச்சு. எல்லாரும் தெருவுக்கு ஓடிட்டோம். அவன் மட்டும் உள்ள நின்னுக்கிட்டு, 'நோட்டுல எழுதுங்கடா, எழுதுங்கடா'ன்னு கத்தறான்.

நயேலி: எழுதினீங்களா?

தொரிபியோ: எழுதாம? நேரம், ஷூ, வெறும் வயிறு, எல்லாம் சரியா இருந்துச்சே. சாகற வரைக்கும் அவன் தினம் காலைல அந்தக் கோட்டைத் தொடப் பாத்து, தொட முடியாம, 'எனக்குச் சோர்வு'ன்னு ஓய்வு எடுத்தான். பதினாறு வருஷம் ஓய்வு. ஒரு தப்பான அளவு போதும்மா, ஒரு மனுஷனைப் படுக்க வைக்க.

நயேலி: சரிங்கையா. இப்ப எனக்கு வந்த புகார், தரை ஒரு வருஷத்துல பதினஞ்சு சென்டிமீட்டர் இறங்கிருச்சுன்னு. அது ரொம்ப அதிகம். அதுக்கு இந்தக் கோடுகள்தான் சாட்சியா?

தொரிபியோ: ரெண்டு பேரோட கோடும். ரெண்டு பேருக்கும் எட்டு விரல். ஒரே அளவு.

நயேலி: அது சரி... ஆனா ஒரு சந்தேகம். பழைய கோட்டைத் தரைலேர்ந்து டேப்பு வச்சு அளந்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிடுமே. நோட்டுல பழைய உயரம் எழுதியிருக்கா?

தொரிபியோ: எழுதியிருக்கு.

நயேலி: அப்ப ஏன் அளக்கலை?

தொரிபியோ: டேப்பு காணாமப் போயிடுச்சு.

நயேலி: எப்ப?

தொரிபியோ: போன நவம்பர்ல.

நயேலி: தரை இறங்க ஆரம்பிச்சது எப்பன்னு சொன்னீங்க?

தொரிபியோ: ...போன நவம்பர்ல.

நயேலி: ஒரு வருஷமா வேற டேப்பு கிடைக்கலையா? தெருமுனைல கடை இருக்கே.

தொரிபியோ: அம்மா... ஒரு உதவி கேக்கணும் உங்ககிட்ட. அவன் வர்றதுக்குள்ள. நீங்க...

கூக்கோ: இந்தாங்கம்மா, முதல் கப்பு. சிந்தாம வந்துடுச்சு. சீனி போட்டிருக்கு. என்ன, நாபோர் கூரைக்குப் போயிட்டானா?

தொரிபியோ: போயிட்டான்.

கூக்கோ: இன்னும் ரெண்டு நடை இருக்கு. வரேன்.

நயேலி: பாத்துப் போங்கையா... என்ன உதவி?

தொரிபியோ: இறங்கியிருக்குன்னு எழுதிடுங்க.

நயேலி: என்ன?

தொரிபியோ: தரை பதினஞ்சு சென்டிமீட்டர் இறங்கியிருக்குன்னு எழுதுங்க. அவன் முன்னாடி சத்தமாச் சொல்லுங்க. அவ்வளவுதான்.

நயேலி: ஐயா, எட்டு வருஷமா நான் இந்த வேலைல இருக்கேன். எல்லாரும் 'இறங்கலைன்னு எழுதுங்க, கட்டடத்தைக் காப்பாத்துங்க'ன்னுதான் கையைப் பிடிச்சிருக்காங்க. ஒருத்தர் வீட்டுல மேசைல வச்ச ஆரஞ்சு ஓடிப் போய் வாசல்ல விழுந்துச்சு. அவரு, 'அது ஆரஞ்சோட குணம்'னாரு. இறக்கி எழுதச் சொன்ன முதல் ஆளு நீங்கதான்.

தொரிபியோ: இந்த ஊர்ல எது இறங்கினதாச் சொன்னாலும் யாரும் மறுத்துக் கேக்க மாட்டாங்க.

நயேலி: எழுதினா பூட்டிடுவாங்க. முப்பத்தொரு வருஷம்னு சொன்னீங்க.

தொரிபியோ: பூட்டட்டும்.

நயேலி: பூட்டினா நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீங்க?

தொரிபியோ: தெருவுல நிப்போம். 'நாங்க நல்லா இருந்த ஆளுங்க, எங்க தரைதான் கெட்டுப்போச்சு'ன்னு போறவங்ககிட்ட சொல்லிக்கிட்டு நிப்போம். அது போதும்.

நயேலி: ...நீங்க சொல்ற மாதிரி தரை இறங்கலைன்னு உங்களுக்கே தெரியுமா?

தொரிபியோ: டேப்பை ஒளிச்சு வச்சவனே நான்தாம்மா.

நயேலி: அப்ப உங்க கோடு? உங்களோடதும் எட்டு விரல் கீழன்னு...

தொரிபியோ: போன வருஷம், கல்லறைத் திருநாளுக்குப் பூ எடுத்துட்டுப் போய் வந்த வாரம். அவன் குதிச்சான். ரெண்டு விரல் கீழ. சரி, சோர்வுன்னு ரெண்டு நாள் தூங்கினான். மூணாம் நாள் மூணு விரல் கீழ. மறுபடி தூங்கினான். நாலு. அவன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னான். நான் சோர்வுக்கு அளவு எடுத்துப் பழகினவன், எனக்கு அது சோர்வு இல்லைன்னு புரிஞ்சு போச்சு. அவனுக்கும் புரியற மாதிரி இருந்துச்சு. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். அதுக்குள்ள நான் போய்க் குதிச்சேன். வேணும்னே நாலு விரல் கீழ தொட்டேன். 'அட, எனக்குந்தான், தரை இறங்குதுடா மாப்ள'ன்னேன். அவன் முகத்துல ரத்தம் திரும்பி வந்துச்சு பாருங்க.

நயேலி: அன்னிலேர்ந்து...

தொரிபியோ: அன்னிலேர்ந்து தினமும். அவன் அஞ்சுன்னா நான் அஞ்சு. மேல குதிக்கறது சுலபம்மா. உயிரைக் கொடுத்துத் தாவிடலாம். அளவாக் கீழ குதிக்கறது இருக்கே... மூஞ்சில முழு முயற்சி தெரியணும், மூச்சு வாங்கணும், கால் பாதில நின்னுடணும்.

நயேலி: பளு? பளு தூக்கறப்ப தெரிஞ்சிடாதா?

தொரிபியோ: அதுக்கும் சொல்லி வச்சேன். மழைக்காலத்துல இரும்பு தண்ணி குடிச்சுக் கனத்துப் போகும்னு. சிரிக்காதீங்க, நான் அதைச் சொன்னப்ப சிரிக்கலை. அவன் எம்பது கிலோவுல நிறுத்தினா நானும் எம்பதுல நிறுத்துவேன். அவன் அறுபது, நான் அறுபது. இப்ப நாப்பது. 'பாத்தியா மாப்ள, இரும்பு என்னமாக் குடிச்சிருக்கு'ன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் உக்காந்துக்குவோம்.

நயேலி: ஒரு வருஷமாவா?

தொரிபியோ: பழகிடுச்சு.

நயேலி: இப்ப ஒரு தடவை நிஜமா குதிச்சுக் காட்ட முடியுமா? எனக்கு மட்டும்.

தொரிபியோ: வேண்டாம். சத்தம் கேக்கும்.

கூக்கோ: ரெண்டாவது கப்பு. இது உனக்கு, மச்சான். பாதிதான் இருக்கு, மீதியை வாசப்படி குடிச்சிடுச்சு. என்ன, ரெண்டு பேரும் சாவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?

தொரிபியோ: இரும்பு தண்ணி குடிக்கறதைப் பத்தி விளக்கிட்டிருந்தேன்.

கூக்கோ: அம்மா, அதை ரிப்போர்ட்டுல எழுதிடாதீங்க. இரும்புக்கு அவமானம்.

நயேலி: இல்லைங்கையா.

கூக்கோ: கல்லறைத் திருநாளுக்குச் செத்தவங்களுக்கு வைக்கற ரொட்டி வெந்துக்கிட்டிருக்கு. எலும்பு வச்ச மாதிரி மேல கோடு போட்டு, சீனி தூவி. இந்த வருஷம் ஒர்தென்சியா ஒரு வாரம் முன்னாடியே சுட ஆரம்பிச்சுட்டா. கடைசி கப்போட அதையும் எடுத்துட்டு வரேன். கொஞ்சம் நேரம் ஆகும்.

தொரிபியோ: மெதுவா வா. அவசரமில்ல... போயிட்டானா? அம்மா, கெஞ்சிக் கேக்கறேன். ஒரு வரி. உங்க ஆபீஸ்ல ஆயிரம் காகிதத்துல அது ஒண்ணு.

நயேலி: அவருக்கு நிஜமாவே வியாதின்னா, தரைன்னு சொல்லி நாளைக் கடத்தினா அவரு டாக்டர்கிட்ட போகாமலே இருந்துடுவாரே. அது உதவியா?

தொரிபியோ: அதுக்கு மருந்து இல்லாத டாக்டர்கிட்டப் போய் என்ன பண்ணுவான்? எங்க சித்தப்பா ஒருத்தருக்கு இதேதான் வந்துச்சு. முதல்ல பொத்தான், அப்புறம் கப்பு, அப்புறம் நாக்கு. கடைசில மூச்சு. டாக்டரு வியாதியோட பேரை மட்டுந்தான் கொடுத்தாரு. நீளமான பேரு. எங்க சித்தப்பாவால அதைச் சொல்லக்கூட முடியலை. எழுதுவீங்களா?

நயேலி: ஐயா, நான் பொய்யா எழுதினா, நாளைக்கு வேற எவனோ 'இறங்கலை'ன்னு எழுதச் சொல்லிக் கேப்பான். அந்த வீட்டுல குழந்தைங்க தூங்கும். டேப்பு ஒரே மாதிரி இருந்தாத்தான் டேப்பு. உங்களுக்குத் தெரியாததா? முப்பத்தொரு வருஷம் அதைத்தானே செஞ்சீங்க.

தொரிபியோ: தெரியும். அதான் உங்களைப் பாக்கப் பயமா இருக்கு.

நயேலி: நான் அளக்கறதை மட்டும் சொல்றேன். மீதியை நீங்க பேசிக்கோங்க.

தொரிபியோ: வேற டேப்பு வச்சிருக்கீங்களா, கொஞ்சம் நீளமா இழுக்கற மாதிரி...

நயேலி: ஐயா.

தொரிபியோ: சும்மா கேட்டேன்.

கூக்கோ: ரொட்டி. காப்பி. நானும் வந்துட்டேன். என் கப்பை உன் தங்கச்சி கொண்டு வந்து கதவாண்டை வரைக்கும் விட்டுட்டுப் போறா. உள்ள வரமாட்டாளாம். சரிம்மா, அளங்க.

நயேலி: நோட்டைக் கொடுங்க... போன வருஷம் நவம்பர் நாலாம் தேதி. கூக்கோ ஐயா கோடு, தரைலேர்ந்து ரெண்டு மீட்டர் ஐம்பத்திரண்டு. இதுதானே அந்தக் கோடு, பக்கத்துல தேதி போட்டிருக்கே?

கூக்கோ: அதேதான்.

நயேலி: டேப்போட கீழ் முனையை யாராவது பிடிச்சுக்கோங்க.

தொரிபியோ: நான் பிடிக்கறேன்.

நயேலி: தரையோட ஒட்டிப் பிடிங்க ஐயா. தூக்காதீங்க.

தொரிபியோ: தூக்கலை.

நயேலி: அதைக் கீழயும் அழுத்த முடியாது. சும்மா வைங்க... ரெண்டு மீட்டர்... ஐம்பத்திரண்டு.

தொரிபியோ: இன்னொரு தடவை பாருங்க. மூணு தடவை அளந்து நடுவுல உள்ளதை எடுக்கணும்.

நயேலி: ரெண்டு ஐம்பத்திரண்டு... ரெண்டு ஐம்பத்திரண்டு. உங்க கோட்டையும் பாத்துட்டேன். நோட்டுல ரெண்டு அறுபத்தொண்ணு. இப்பவும் ரெண்டு அறுபத்தொண்ணு. தரை இறங்கலை, ஐயா. ஒரு மயிரிழைகூட இல்லை. நான் பாத்ததுலயே நல்ல தரை இது.

தொரிபியோ: ...மாப்ள, அவங்க டேப்பு... ஆபீஸ் டேப்பெல்லாம் வெயில்ல கெடந்து...

கூக்கோ: விடு, மச்சான்.

தொரிபியோ: இல்லடா, கேளு, கோடும் சுவத்தோட சேந்து...

கூக்கோ: விடுன்னேன். எனக்கு பிப்ரவரிலயே தெரியும்.

தொரிபியோ: என்ன தெரியும்?

கூக்கோ: ஜனவரில மூணு ராஜாக்கள் திருநாள் ரொட்டியை அறுத்தப்ப, உள்ள ஒளிச்சு வச்ச பொம்மை உன் துண்டுல வந்துச்சா? முறைப்படி பிப்ரவரி ரெண்டாம் தேதி எல்லாருக்கும் தமால், அந்தச் சோளமாவு கொழுக்கட்டை, வாங்கிப் போட வேண்டியவன் நீ. ரெண்டு மணி நேரம் வரிசைல நின்னே. அந்த ரெண்டு மணி நேரத்துல புது டேப்பு வாங்கிட்டு வந்து அளந்தேன். ரெண்டு ஐம்பத்திரண்டு.

தொரிபியோ: தனியா எப்படி அளந்தே? உன் கைல...

கூக்கோ: கீழ் முனையை உன் தங்கச்சி பிடிச்சுக்கிட்டா.

தொரிபியோ: ஒர்தென்சியாவுக்குத் தெரியுமா?

கூக்கோ: அவதான் முதல்ல அழுதா. அப்புறம் எழுந்து போய் உன் தமாலுக்குத் தட்டு கழுவி வச்சா. பழைய டேப்பும் கிடைச்சுது. குப்புறப் படுத்து தண்டால் எடுக்கற மெத்தைக்குள்ள வச்சுத் தைச்சிருந்தே. பதினோரு மாசமா என் நெஞ்சுல குத்துது. மார்ச்ல டாக்டர்கிட்டயும் போயிட்டேன். சதைக்குள்ள ஊசியைக் குத்தி, இன்னொரு முனையைப் பெட்டில மாட்டி, சதை என்ன சொல்லுதுன்னு கேட்டாங்க. நாம வருஷக்கணக்கா சுவத்தைக் கேட்டதை அவங்க அரை மணி நேரத்துல கேட்டுட்டாங்க. சோர்வு விருந்தாளி மாதிரி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடும். இது பாய் தலகாணியோட வந்திருக்கு, மச்சான். அடுத்த வருஷம் ரொட்டி சுடறப்ப எனக்கும் ஒண்ணு சேத்துச் சுடச் சொல்லியிருக்கேன். என் படத்துக்கு முன்னாடி வைக்கற ரொட்டில சீனி கம்மியா போடுன்னு சொல்லியிருக்கேன்.

தொரிபியோ: தெரிஞ்சுக்கிட்டே... இவ்வளவு நாளும் குதிச்சியா?

கூக்கோ: நீ குதிக்கறதைப் பாக்கத்தான். விடியக் காலைல, அறுபத்துநாலு வயசு ஆளு, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கற மாதிரி நடிச்சுக்கிட்டு... உலகத்துல யாரும் யாருக்காகவும் இவ்வளவு மோசமா குதிச்சிருக்க மாட்டாங்க. அதைப் பாக்கறதுக்காகவே எழுந்திரிக்க முடிஞ்சுது.

தொரிபியோ: அப்ப இன்னிக்கு இவங்களை ஏன் வரச் சொன்னே? எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னா...

கூக்கோ: உனக்காகத்தான்.

தொரிபியோ: எனக்கா?

கூக்கோ: மூணு வாரத்துல பியூப்லாவுல மூத்தோர் பளுதூக்கற போட்டி. உன் பேரைக் கொடுத்துட்டேன். நீ இப்படியே நான் தூக்கற நாப்பதைத் தூக்கிட்டு, நான் குதிக்கற உயரத்தைக் குதிச்சுட்டு இருந்தா, என்கூட சேந்து நீயும் போயிடுவே. நான் சொன்னா நீ நிறுத்த மாட்டே. இன்னொரு கதை கட்டுவே. அதான் உன்னால வாயடைக்க முடியாத ஆளு ஒருத்தங்க வேணும்னு கூப்பிட்டேன். மன்னிச்சுக்கோங்கம்மா, உங்களுக்குத் தரை வேலை இல்ல, ஆள் வேலைதான்.

நயேலி: பரவாயில்லைங்கையா.

கூக்கோ: இனிமே நீ எனக்காகக் கீழ குதிக்க வேண்டியதில்ல, மச்சான். இந்தா, சுண்ணப்பொடி. போய் நிஜமா ஒரு தடவை குதி. உன் பழைய கோட்டைத் தொடு. இந்தச் சுவத்துல ஒரு கோடாவது கீழ வராம நின்னதை நான் பாத்துட்டுப் போகணும். வேற எதுவும் கேக்கலை.

தொரிபியோ: காப்பி குடிச்சாச்சு. காப்பிக்கு அப்புறம் எடுத்தா கணக்குல சேராது.

கூக்கோ: இன்னிக்குச் சேத்துக்கலாம்.

தொரிபியோ: நாளைக்குக் காலைல...

கூக்கோ: எனக்கு மிச்சம் இருக்கற நாள்ல ஒண்ணைக் கேக்காத. குதி. அம்மா சாட்சி. நோட்டு திறந்திருக்கு. இவங்க எழுதுவாங்க. என்னடா அழறே? முழு பலத்தோட ஒரே ஒரு தடவை குதின்னுதானே கேக்கறேன். காலைல நடிச்ச மாதிரி இல்லாம.

தொரிபியோ: காலைல நான் நடிக்கலை, மாப்ள... அந்த எட்டு விரலும் நிஜந்தான். ஜூன் மாசத்துலேர்ந்து முழு பலத்தோடதான் குதிச்சிட்டிருக்கேன்.